முதல் அழைப்பு யாருடையது? பள்ளிகளில் நெருக்கடிகால ஆதரவும் தற்கொலைத் தடுப்பும்

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

2003 முதல் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 10 உலகத் தற்கொலைத் தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டித் தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் நடப்பதை எவரும் சொல்லிவிடலாம். காலை வணக்கக் கூட்டத்தில் ஓர் உறுதிமொழி. தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரின் அரைமணி நேர உரை. உதவி எண் அச்சிட்ட சுவரொட்டி ஒன்று அறிவிப்புப் பலகையில் ஏறும். நிகழ்ச்சியின் புகைப்படம் வட்டாரக் கல்வி அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். அத்துடன் அந்த ஆண்டின் விழிப்புணர்வு முடிந்தது.

இவற்றால் கெடுதல் இல்லை. ஆனால் இவை அனைத்துக்கும் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: நெருக்கடியில் இருக்கும் பிள்ளை தானே எழுந்து வந்து உதவி கேட்கும், எண்ணைக் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்பதே அது. இக்கட்டுரை அந்த அனுமானத்தைச் சோதிக்கிறது. கிடைத்திருக்கும் ஆய்வுகளையும் தமிழ்நாட்டு அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்தால், பலன் தந்தவற்றில் பெரும்பாலானவை பிள்ளை வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பள்ளியோ அரசோ நண்பனோ முதலில் நகர்ந்திருக்கிறார்கள். எப்படி நகர வேண்டும், யார் நகர வேண்டும் என்பதில்தான் சிக்கல்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளைப் பற்றியே இங்கு பேசுகிறேன். தமிழ்நாடே களம், தேவைப்படும் இடத்தில் பிற மாநில, பிற நாட்டு ஆய்வுகள் வரும். இறந்த பிள்ளைகள் எவர் பெயரும் இதில் இராது, இறந்த விதமும் இராது. அதற்கான காரணம் ஏழாம் பகுதியில் இருக்கிறது. இதைப் படிக்கும்போதே யாருக்கேனும் துணை தேவைப்பட்டால் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

2. கணக்கில் வருவதும் வராததும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். தமிழ்நாட்டில் அவ்வாண்டு இறந்தோர் 19,834 பேர். இந்த எண்கள் காவல் நிலையப் பதிவுகளிலிருந்து எழுபவை. 'மாணவர்' என்ற கட்டத்துக்குள் பள்ளிப் பிள்ளையும் கல்லூரிப் பிள்ளையும் ஒன்றாகவே கிடக்கிறார்கள். காரணத்துக்கும் ஒரே ஒரு கட்டம்தான்: குடும்பப் பிரச்சினை, தேர்வுத் தோல்வி, நோய் என்று எது முதலில் வாய்க்கு வந்ததோ அது.

காவல் நிலையப் பதிவு எவ்வளவைத் தவறவிடுகிறது என்பதைக் காட்ட வேலூருக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத் துறை, கணியம்பாடி வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று ஒவ்வொரு மரணத்தையும் விசாரித்துப் பதிவு செய்துவருகிறது. 1992 முதல் 2001 வரையிலான பதிவுகளை வைத்து 2004இல் 'லான்செட்' இதழில் ஒரு சிறிய கட்டுரை வெளிவந்தது. 10 முதல் 19 வயது வரையிலான பெண்களில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 148 பேர், அதே வயது ஆண்களில் 58 பேர் தற்கொலையால் இறந்தனர் என்றது அது. அந்த வயதுப் பெண்களின் மொத்த மரணங்களில் பாதிக்கு மேல் இந்த ஒன்றால் நேர்ந்தவை. சாலை விபத்து, காய்ச்சல், பாம்புக்கடி எல்லாம் சேர்ந்தும் இதற்குக் கீழேதான்.

பத்திரிகைகளில் பல பத்தாண்டுகளாக 'தீராத வயிற்றுவலியால்' என்று ஒரு தொடர் வந்துகொண்டிருக்கிறது. செய்தித்தாள் வாசிக்கும் எவருக்கும் அது பழக்கமானது. வீட்டார் காவல் துறையிடம் சொன்னதை நிருபர் எழுதுகிறார். வீட்டாருக்கு அதைச் சொல்வதைவிட வேறு வழி தெரியவில்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பதினாறு வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டுத் திருமணத்துக்குப் பேசி முடிக்கப்பட்ட பெண், 'மாணவர்' கட்டத்தில் வரமாட்டாள். நீண்ட விடுப்பில் இருக்கும் பிள்ளையைப் பள்ளி தேடிப் போவதும் தற்கொலைத் தடுப்பில் அடங்கும் என்பது இங்கிருந்தே தொடங்குகிறது.

3. நெருக்கடியின் இயல்பு

பதின்வயதினரின் தற்கொலை எண்ணம் பெரும்பாலும் உறுதியான முடிவாக இருப்பதில்லை. வாழவும் வேண்டும், இந்த வலியும் நிற்க வேண்டும் என்ற இழுபறி அது. பலருக்கு அதன் உச்சம் சில மணி நேரமே நீடிக்கிறது; சிலருக்குச் சில நிமிடங்கள். அந்த நேரம் கடந்துவிட்டால், ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் போய்விட்டால், பெரும்பாலோர் மீள்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி நான்கு வேலைகளை முதன்மைப்படுத்தியது. ஆபத்தான பொருள் எளிதில் கிடைப்பதைத் தடுப்பது அவற்றில் ஒன்று. வளரிளம் பருவத்தினருக்கு வாழ்க்கைத் திறன் கற்பிப்பது இன்னொன்று. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், விவசாயிகளின் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவில் பூட்டிய பெட்டிகளில் வைத்து எடுக்கும் ஏற்பாடு சோதித்துப் பார்க்கப்பட்டது. அந்த ஊர்களில் மரணங்கள் குறைந்தன. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேசும் நேரத்தில் ஐந்து நிமிடத்தை இந்தப் பூட்டுக்கு ஒதுக்கலாம்.

காரணம் ஒன்றே ஒன்று என்று சொல்வது எப்போதும் தவறு. மனச்சோர்வு, வீட்டில் குடி, அடி, பாலியல் சீண்டல், காதல் விவகாரம், படத்தை வைத்து மிரட்டல், சாதிப் பெயரைச் சொல்லிச் சக மாணவர் செய்யும் கேலி எனப் பல மாதங்களாகச் சேர்ந்தது பின்னால் இருக்கும். முன்னால் ஒரு சம்பவம் நிற்கும். நம் கண்ணுக்குத் தெரிவது அந்தச் சம்பவம் மட்டும்தான்.

அந்தச் சம்பவங்களில் சில பள்ளியின் கையிலேயே உருவாகின்றன. மதியம் இரண்டு மணிக்கு ஒரு பையனின் பையில் செல்போன் பிடிபடுகிறது. வகுப்பு முழுக்கப் பார்க்க அவனை நிற்கவைத்து, 'நாளைக்குக் காலையில அப்பாவைக் கூட்டிட்டு வந்தாதான் உள்ள விடுவேன்' என்கிறார் ஆசிரியர். ஆசிரியரைப் பொறுத்தவரை அது ஒழுங்கு நடவடிக்கை. அடுத்த பீரியடில் மறந்துவிடுவார். பையனுக்கோ இரண்டு மணிக்கும் மறுநாள் காலைக்கும் நடுவே ஒரு முழு இரவு கிடக்கிறது. அப்பா எப்படி வருவார், குடித்துவிட்டு வருவாரா, அம்மாவை அடிப்பாரா என்ற கணக்கு அவன் தலைக்குள் ஓடுகிறது. நெருக்கடிகால ஆதரவை அறிந்த பள்ளி இதே காரியத்தை வேறு விதமாகச் செய்யும். போனை வாங்கி வைத்துக்கொண்டு, தனியாகப் பேசி, அன்று மாலையே பெற்றோருடன் தொலைபேசியில் பேசி முடித்து, 'பேசிட்டேன், வீட்டுக்குப் போ, நாளைக்கு வகுப்புக்கு வா' என்று அனுப்பும். அப்போது தண்டனை அப்படியே இருக்கிறது, காத்திருப்பு மட்டும் நீங்குகிறது.

வெட்கமும் அறியாமையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பழைய சம்பவம் உண்டு. 1935இல் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் நடத்திய முதல் இறுதிச் சடங்கு ஒரு பதின்வயதுச் சிறுமியுடையது. மாதவிடாய் வந்ததை ஏதோ கெட்ட நோய் என்று எண்ணி, யாரிடமும் கேட்க வழியில்லாமல் இறந்தவள் அவள். கேட்க ஓர் ஆள் வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1953இல் லண்டனில் அவர் தொடங்கிய 'சமாரிட்டன்ஸ்' அமைப்பின் வழியில் உலகெங்கும் தன்னார்வலர் உதவி மையங்கள் எழுந்தன. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் நிறுவிய 'ஸ்நேகா'வும் அந்த மரபில் வந்ததுதான்.

4. நேராகக் கேட்பது

ஆசிரியர்களிடம் இது பற்றிப் பேசும்போது எழும் முதல் அச்சம்: 'நாமளே கேட்டு நினைப்பை ஊட்டிடக் கூடாதே.' அந்த அச்சம் நல்லெண்ணத்தில் பிறந்தது. ஆனால் ஆதாரம் அதற்கு எதிராக நிற்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் மேட்லின் கூல்டும் குழுவினரும் ஓர் ஆய்வு நடத்தி 2005இல் வெளியிட்டனர். ஒரு பாதியினரிடம் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டார்கள். மறு பாதியினரிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு மனவேதனையும் கூடவில்லை, எண்ணமும் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கும் முன்பு முயன்றவர்களுக்கும் கேட்டதால் பாரம் சற்றுக் குறைந்தது.

எப்படிக் கேட்பது என்பதைப் பாடப்புத்தகத் தமிழில் எழுதினால் பயன்படாது. உதாரணத்துக்கு, கொஞ்ச நாளாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் ஒரு வகுப்பாசிரியை பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

'என்னம்மா, ரெண்டு வாரமா சரியில்லையே. படிப்பைப் பத்திக் கேக்கல, உன்னைப் பத்திக் கேக்கறேன்.'

'ஒண்ணுமில்ல மிஸ்.'

'சரி. ஒண்ணுமில்லன்னாலும் கொஞ்ச நேரம் உக்காரு.'

அப்புறம் அமைதி. அந்த அமைதியை அறிவுரையால் நிரப்பாமல் இருப்பதுதான் கடினம். அழுகை வந்து, வீட்டில் நடப்பது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தபிறகு, ஆசிரியை கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும்: 'இவ்வளவு கஷ்டத்துல, செத்துப்போயிடலாம்னு தோணுச்சாம்மா?' ஆமாம் என்று தலையசைந்தால், எப்போதெல்லாம் தோன்றுகிறது, எப்படி என்று ஏதும் யோசித்து வைத்திருக்கிறாளா, இதற்கு முன் முயன்றிருக்கிறாளா என்று மெதுவாக அறிந்துகொள்ள வேண்டும். 'அய்யய்யோ, இப்படியெல்லாம் பேசலாமா', 'அப்பா அம்மாவை நினைச்சுப் பாரு', 'இதெல்லாம் பாவம்' ஆகிய மூன்றும் அந்த அறைக் கதவை உடனே சாத்திவிடும். 'சொன்னது நல்லது. நீ தனியா இல்ல, இதை நாம சேந்து பாப்போம்' என்பது போதும்.

அடுத்து வரும் வேண்டுகோள் எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்ததுதான்: 'வீட்டுல சொல்லிடாதீங்க மிஸ்.' இதற்குச் சரி என்று சத்தியம் செய்துவிடக் கூடாது. உயிருக்கு ஆபத்து இருக்கும்போது ரகசியம் காக்க முடியாது என்பதையும், யாரிடம், என்ன, எப்படிச் சொல்வது என்பதை அவளுடன் கலந்தே முடிவு செய்வோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அம்மாவிடமா, பாட்டியிடமா, சித்தியிடமா என்று அவளே தேர்ந்துகொள்ளட்டும். வீடே ஆபத்தின் ஊற்றாக இருந்தால் நிலைமை வேறு. பாலியல் குற்றம் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, அறிந்தவர் எவரும் புகார் தர வேண்டும் என்கிறது. குழந்தைகளுக்கான 1098 எண்ணும் இருக்கிறது. இவை முடியும்வரை பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. தலைமையாசிரியர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே கூட்டம் போடுவதும் தனியாக விடுவதே.

5. எது பலன் தந்தது: இரண்டு சோதனைகள்

உலகெங்கும் பள்ளித் திட்டங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. முறையாகச் சோதிக்கப்பட்டவை சிலவே. அவற்றில் இரண்டு நமக்கு நேரடியாகப் பாடம் சொல்பவை.

முதலாவது, பத்து ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகளில் 11,110 மாணவர்களைக் கொண்டு டனுடா வாசர்மன் தலைமையில் நடந்து, 2015இல் 'லான்செட்'டில் வெளியான ஆய்வு. பள்ளிகளை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒன்றில் ஆசிரியர்களுக்கு அறிகுறிகளைக் கண்டறியும் பயிற்சி. இன்னொன்றில் வினாப்பட்டியல் கொடுத்து, ஆபத்தில் இருப்பவர்களை மருத்துவரிடம் வரச் சொல்லும் முறை. மூன்றாவதில் மாணவர்களுக்கே மனநலம் பற்றிய வகுப்பு. நான்காவது ஒப்பீட்டுக் குழு. அங்கே சுவரொட்டி மட்டும். பன்னிரண்டு மாதம் கழித்து, மாணவர்களுக்கே வகுப்பு நடத்திய குழுவில் தற்கொலை முயற்சி 0.70 விழுக்காடு; ஒப்பீட்டுக் குழுவில் 1.51 விழுக்காடு. ஏறத்தாழப் பாதி. மற்ற இரண்டு முறைகளும் ஒப்பீட்டுக் குழுவிலிருந்து குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை.

அந்த வகுப்பு மொத்தமே ஐந்து மணி நேரம், நான்கு வாரங்களில். அதில் மூன்று மணி நேரம் நடித்துப் பார்ப்பது: நண்பன் ஒருவன் பேசாமல் ஒதுங்கிப்போகிறான், நீ என்ன செய்வாய்? வீட்டில் சண்டை, யாரிடம் போவாய்? ஒருவர் நடிக்க, மற்றவர்கள் திருத்த, மறுபடி நடிக்க. வெளியிலிருந்து வந்த பயிற்றுநர் நடத்தினார். ஆசிரியர் அந்த நேரத்தில் மதிப்பெண் போடுபவராக அங்கே நிற்கவில்லை.

இந்த முடிவு என் வாதத்துக்கு முழுமையாக ஒத்துவரவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வினாப்பட்டியல் முறையில் பெரியவர்கள்தானே முதலில் நகர்ந்தார்கள்? நகர்ந்தார்கள், ஆனால் அறிமுகமில்லாத மருத்துவமனையிலிருந்து வந்த அழைப்பு அது. அழைக்கப்பட்டவர்களில் பலர் போகவில்லை. ஆக, யாரேனும் ஒருவர் முதலில் நகர்வது போதாது. பிள்ளைக்குத் தெரிந்த முகம் நகர வேண்டும். பதினைந்து வயதில் அந்த முகம் பெரும்பாலும் பக்கத்து இருக்கை நண்பனுடையது. அவன் கேட்பதற்கும், கேட்டதைப் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோவதற்கும் அந்த ஐந்து மணி நேரம் பழக்கியிருக்கிறது.

இரண்டாவது, பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த 'சேஹர்' சோதனை. 2018இல் அதே இதழில் வெளியானது. ஒரு குழுப் பள்ளிகளில் அந்த வட்டாரத்தைச் சேர்ந்த ஒருவரை, மனநல நிபுணர் அல்லாதவரை, பயிற்சி கொடுத்து முழுநேர ஆலோசகராக அமர்த்தினார்கள். இன்னொரு குழுவில் அதே பயிற்சியை அங்கிருந்த ஆசிரியர் ஒருவருக்குக் கொடுத்து அதே வேலையை ஒப்படைத்தார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு அறிகுறிகள் குறைந்தன. சக மாணவர் துன்புறுத்தலும் அடிதடியும் குறைந்தன. பள்ளியோடு பிள்ளைகளுக்கு இருந்த ஒட்டுதல் கூடியது. ஆசிரியரிடம் ஒப்படைத்த பள்ளிகளில் பலன் தெரியவில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எடுத்துக்கொள்வது அநியாயம். எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவு, தேர்தல் பணி, காலை உணவு மேற்பார்வை, நூறு விழுக்காடு தேர்ச்சிக்கான சிறப்பு வகுப்பு என்று நெருக்கப்படும் ஒருவரிடம், 'இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால் எதுவும் நடக்காது. அதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. மதிப்பெண் போடுபவரிடமும் பெற்றோரை வரச் சொல்பவரிடமும் பிள்ளை தன் மனத்தைத் திறப்பது இயல்பிலேயே கடினம். மத்திய அரசு 2020இல் தொடங்கிய பள்ளி நலத் திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை 'நலத் தூதர்'களாக நியமிக்கிறது. நாளந்தாவின் பாடம் அந்த வடிவமைப்பின் மீதே ஒரு கேள்வியை எழுப்புகிறது.

6. தமிழ்நாட்டில் அரசு முன்னால் நகர்ந்த இடங்கள்

முன்பெல்லாம் பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ மார்ச் தேர்வில் ஒரு பாடம் போனால் ஓராண்டு போயிற்று. செப்டம்பரில் எழுதித் தேறினாலும் சேர்க்கை முடிந்திருக்கும். தோழர்கள் கல்லூரிக்குப் போக, இவன் மட்டும் தெருவில் நிற்பான். ஸ்நேகா போன்ற அமைப்புகள் இதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டின. 2000களின் தொடக்கத்தில், முடிவு வந்த சில வாரங்களிலேயே சிறப்புத் துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் மேற்படிப்பில் சேரும் வழி திறந்தது. மனநலம் என்ற சொல்லே இல்லாத ஓர் அரசாணை, தோல்வியின் நீளத்தை ஓராண்டிலிருந்து சில வாரங்களாகக் குறுக்கியது. என்னைக் கேட்டால், இத்துறையில் தமிழ்நாடு செய்த மிகச் சிறந்த காரியம் இதுதான்.

2017 மே மாதம் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று தரவரிசை அறிவிப்பதைப் பள்ளிக் கல்வித் துறை நிறுத்தியது. அதுவரை முடிவு நாளில் தொலைக்காட்சி முழுக்க லட்டு ஊட்டும் காட்சிகள்தாம். அறிவிப்பு நின்றபின் போட்டி பள்ளி வாசல் பிளெக்ஸ் பலகைகளுக்குக் குடிபெயர்ந்தது. ஒன்பதாம் வகுப்பிலேயே 'டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்' என்று தேறாத பிள்ளைகளை வெளியேற்றி, நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டும் தனியார் பள்ளிப் பழக்கமும் மறையவில்லை. அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பகிரங்கமான நிராகரிப்பு வேறில்லை.

மூன்றாவது, 2021 செப்டம்பரில் நடந்தது. மருத்துவப் படிப்புக்கான நீட் நுழைவுத் தேர்வையொட்டி அடுத்தடுத்து மரணங்கள் நேர்ந்தபோது, 104 மருத்துவ உதவி மையத்தின் ஆலோசகர்கள் மாணவர்களின் அழைப்புக்குக் காத்திராமல், தேர்வு எழுதிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாங்களே தொலைபேசியில் அழைத்தார்கள். பொதுத்தேர்வு முடிவுகளின்போதும் இந்த வழக்கம் தொடர்கிறது. திசை சரியானது. ஆனால் அழைப்பு போவது பெரும்பாலும் அப்பாவின் எண்ணுக்கு. அப்பா ஸ்பீக்கரில் போட்டுக் கையில் கொடுக்க, பிள்ளை 'நல்லா இருக்கேன் மேடம்' என்று சொல்லி வைத்துவிடுகிறது. தனியாகப் பேச எப்போது அழைக்கலாம் என்று கேட்டு, இரண்டாம் முறை அழைக்கும் ஏற்பாடு இருந்தால் இந்தத் திட்டத்தின் மதிப்பு பல மடங்காகும்.

எண்களுக்கோ பஞ்சமில்லை. 104, குழந்தைகளுக்கு 1098, பள்ளிக் கல்வித் துறையின் 14417, 2022 அக்டோபர் 10இல் நாடெங்கும் தொடங்கி, தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்கும் 14416, ஸ்நேகாவின் 044-24640050. இத்தனையும் ஒரே சுவரொட்டியில் இருந்தால் ஒன்றும் மனத்தில் நிற்காது. ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு, வகுப்பிலேயே அந்த எண்ணை ஒருமுறை எல்லோர் முன்னாலும் அழைத்து, மறுமுனையில் யார் எடுக்கிறார், என்ன கேட்கிறார், பெயர் சொல்ல வேண்டுமா என்பதைப் பிள்ளைகள் காதால் கேட்கும்படி செய்வது, பத்துச் சுவரொட்டிக்குச் சமம்.

அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைகளை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நாளந்தாவிலும் இப்படி ஒரு பெட்டி உண்டு. அங்கே ஆலோசகர் அதைத் திறந்து, பெயரில்லாச் சீட்டுகளுக்கும் பதில் கிடைக்கச் செய்தார். ஒரு சீட்டுக்காவது பதில் வந்ததைப் பார்த்த பிறகே அடுத்த பிள்ளை எழுதும். நம் ஊரில் அந்தப் பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டியிருக்கும் பள்ளிகளும் உண்டு.

7. ஒரு மரணத்துக்குப் பின்

பிரபலமான ஒரு தற்கொலைச் செய்திக்குப் பின் அதே போன்ற மரணங்கள் கூடுவதை டேவிட் ஃபிலிப்ஸ் 1974இல் எண்களோடு காட்டினார். வியன்னா நகரச் சுரங்க ரயிலில் மரணங்கள் பெருகியபோது, 1987இல் பத்திரிகைகள் எழுதும் முறையை மாற்றிக்கொண்டன. மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. நெருக்கடியில் இருந்து மீண்டவர்களின் கதையை எழுதினால் பலன் நேரெதிராக இருக்கிறது என்று அதே ஊர் ஆய்வாளர்கள் 2010இல் காட்டினார்கள். இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019 செப்டம்பரில் நெறிமுறைகளை ஏற்றது: தலைப்பில் பெரிதாக்காதே, விதத்தை விவரிக்காதே, படம் போடாதே. நம் தொலைக்காட்சிகளில் இவை நாள்தோறும் மீறப்படுகின்றன.

பள்ளிக்குள் இந்தத் தொற்று இன்னும் வேகமானது. முதல் நாள் இரவே வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படமும் சோகப் பாடலும் ஓடிவிடும். மறுநாள் காலை பள்ளி செய்ய வேண்டியது, மொத்தப் பள்ளியையும் மைதானத்தில் நிறுத்தி மைக்கில் அறிவிப்பது அன்று. ஒவ்வொரு வகுப்பிலும் வகுப்பாசிரியர், உண்மையை மறைக்காமலும் விவரிக்காமலும், ஒரே வாசகத்தில் சொல்வது. இறந்த பிள்ளையின் நெருங்கிய நண்பர்கள், அண்மையில் அந்தப் பிள்ளையோடு சண்டை போட்டவர்கள், தங்கை தம்பி, ஏற்கெனவே தளர்ந்திருப்பவர்கள் ஆகியோரைத் தனித்தனியே பார்ப்பது. அஞ்சலி பிளெக்ஸ் வேண்டாம். மரம் நடுவிழா வேண்டாம். விபத்தில் இறந்த பிள்ளைக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவே, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம்.

இங்கே அரசியலையும் தொட வேண்டியிருக்கிறது. ஒரு தேர்வை எதிர்க்க வலுவான நியாயங்கள் இருக்கின்றன. அவற்றை வாதிடலாம், வழக்காடலாம், சட்டமன்றத்தில் தீர்மானம் போடலாம். ஆனால் இறந்த பிள்ளையின் முகத்தை ஊரெங்கும் ஒட்டி, 'இன்ன காரணத்துக்காக உயிர் கொடுத்தவர்' என்று எழுதும்போது, அதே தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அதில் ஒரு வழி தெரிகிறது. எந்தக் கட்சியும் அதை விரும்பிச் செய்வதில்லை. எல்லாக் கட்சிகளும் செய்கின்றன.

8. சட்டம்

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், தண்டிக்கப்படமாட்டார் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவே இல்லை. இது பெற்றோருக்குப் போய்ச் சேரவில்லை. 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்ற பயத்தில் மருத்துவமனையில் உண்மையை மறைப்பது இன்றும் நடக்கிறது. மறைத்தால் மனநல மருத்துவரிடம் அனுப்பப்படும் வாய்ப்பும் போகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதும் அதிகம் பேசப்படாதது.

2022 நவம்பரில் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் மரணங்களைப் பத்து விழுக்காடு குறைக்க இலக்கு வைத்தது. எட்டு ஆண்டுகளில் எல்லாக் கல்வி நிறுவனங்களிலும் மனநலப் பாடம் வர வேண்டும் என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும், ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரு முறை பயிற்சி வேண்டும், மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரித்து வைக்கவோ எல்லோர் முன்னும் இழிவுபடுத்தவோ கூடாது என்று உத்தரவிட்டது. சட்டம் வரும்வரை இவை கட்டாயம். எண்ணூறு பிள்ளைகள் படிக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு ஆலோசகர் எந்தத் தலைப்பில், எந்தச் சம்பளத்தில், யாருக்குக் கீழே வருவார் என்பதை அரசாணைதான் சொல்ல வேண்டும். நாளந்தா சொல்வது, அவருக்கு முதுநிலைப் பட்டத்தைவிட முழு நேரம் முக்கியம் என்பது. வாரம் ஒரு நாள் மூன்று பள்ளிகளைச் சுற்றிவரும் நிபுணரைவிட, தினமும் வாசலில் நிற்கும் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் மேல்.

9. திரும்பி வரும் பிள்ளை

முன்பு முயன்றிருப்பதே எல்லா ஆபத்துக் குறிகளிலும் பெரியது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் வரும் மாதங்கள் மிகக் கவனம் வேண்டுபவை. உலகச் சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நகரங்களில் முயன்று பிழைத்த 1,867 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி 2008இல் வெளியிட்டது. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினருக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ 'எப்படி இருக்கீங்க' என்ற விசாரிப்பும். பதினெட்டாம் மாத முடிவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 18 பேர் தற்கொலையால் இறந்திருந்தனர். விசாரிக்கப்பட்டவர்களில் 2 பேர். மருந்து இல்லை, கருவி இல்லை, ஒன்பது விசாரிப்புகள்.

நம் பள்ளிகளில் இதற்கு நேரெதிராகவே பெரும்பாலும் நடக்கிறது. 'மத்த பிள்ளைங்க கெட்டுப்போவாங்க' என்று டி.சி. கொடுத்து அனுப்பும் நிர்வாகங்கள் உண்டு. அனுப்பாத பள்ளியும் எதுவுமே நடக்காதது போல நடந்துகொள்கிறது. திரும்பி வரும் முதல் நாளுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை சில: எந்த இருக்கை, விட்டுப்போன தேர்வுகளை எழுதவேண்டுமா, எந்தெந்த ஆசிரியருக்கு எவ்வளவு தெரியலாம், 'எங்க போயிருந்த' என்று கேட்பவனுக்கு அந்தப் பிள்ளை என்ன பதில் சொல்லப்போகிறது. மாத்திரை சாப்பிட்டுத் தூங்கி வழிந்தால் பின் பெஞ்சுக்கு அனுப்பாமல் இருக்க, குறைந்தது கணித ஆசிரியருக்காவது ஒரு சொல் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்பது விசாரிப்புகளும் ஒருவர் பெயரில் எழுதப்பட வேண்டும். அங்கேதான் பள்ளி நாட்காட்டி குறுக்கே வருகிறது. பதினெட்டு மாதம் என்பது இரண்டு கல்வியாண்டுகளைத் தொடும். நடுவில் வகுப்பாசிரியர் மாறுவார், இடமாற்றத்தில் வேறு ஊருக்குப் போவார். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வேறு பள்ளியில் பதினொன்றில் சேரும். மதிப்பெண்ணும் சாதிச் சான்றிதழும் எமிஸ் எண்ணோடு கூடவே போகும். தற்கொலைக்கு முயன்ற விவரமோ எமிஸில் ஏறக் கூடாது, ஏறினால் அது வாழ்நாள் முத்திரை. பிள்ளையும் பெற்றோரும் சம்மதித்தால், பழைய பள்ளியின் ஒருவர் புதிய பள்ளியின் ஒருவரிடம் நேரில் சொல்லி ஒப்படைப்பதைத் தவிர இப்போதைக்கு வேறு வழியில்லை. ஜூன் முதல் வாரத்துச் சேர்க்கைப் பரபரப்பில் அதற்கென அரைமணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று இதுவரை எந்தச் சுற்றறிக்கையும் கேட்கவில்லை. தலைமையாசிரியர் ஒருவர் தானாகவே செய்தால்தான் உண்டு.